ஒரே பைக், மூன்று கோயில்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. டொராண்டோ பக்கத்துக் குளிரில் காரைச் சூடாக்கிக்கொண்டு ஒரு பையனுக்காகக் காத்திருந்தேன். வயது 21. மேல்படிப்புக்காக இங்கே வந்து நாலு மாதம் ஆகிறது. அவனை ஆர்.சி. கோயிலில் இறக்கிவிட்டு, நான் இன்னும் கொஞ்ச தூரம் போய் எங்கள் தமிழ் ஆராதனையில் உட்கார வேண்டும். முடிந்ததும் திரும்பி வந்து அவனை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும்.

"ரெண்டு பேரும் ஒரே கோயிலுக்குப் போனா பெட்ரோலாவது மிச்சமாகும்லா" என்றாள் வீட்டுக்காரி. கணக்குப்படி அவள் சொல்வது சரிதான். ஆனால் இந்தச் சுற்று எனக்குப் பழகிய சுற்று. ஊர்தான் வேறு. அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1999இல் வேலைக்காகப் பெங்களூர் போய் இறங்கினேன். (அப்போது பெங்களூர்தான். பெங்களூரு என்று அரசாங்கம் அதிகாரபூர்வமாக மாற்றியது 2014 நவம்பரில்.) லிங்கராஜபுரத்தில் மாடியில் ஒரு வீடு, மூன்று பேர் பங்கு. நான் திருநெல்வேலி சி.எஸ்.ஐ. இன்னொருவன் தூத்துக்குடி, பனிமய மாதா கோயில் மணிச்சத்தம் கேட்டு வளர்ந்த கத்தோலிக்கன். மூன்றாமவன் நாகர்கோவில், பெந்தெகொஸ்தே. பெயர் வேண்டாம். இரண்டு பேருமே இதைப் படிப்பார்கள், அப்புறம் போனில் வாங்கிக்கட்டிக்கொள்ள என்னால் முடியாது. ஊர்ப் பெயரே போதும்.

மூவருக்கும் சேர்த்து ஒரே பைக். என்னுடைய பழைய ஸ்பிளெண்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் போலீஸ் நிற்காது என்ற தைரியத்தில் மூன்று பேரும் அதிலேயே கிளம்புவோம். முதலில் நாகர்கோவிலை இறக்கிவிட வேண்டும், ஏனென்றால் அவன் ஆராதனை மூன்று மணி நேரம். அடுத்து சிவாஜிநகர் மரியன்னை பசிலிக்காவில் தூத்துக்குடி. கடைசியில் நான், சில வாரம் மார்க்ஸ் கதீட்ரல், சில வாரம் தமிழ் ஆராதனை நடக்கும் வேறொரு கோயில். திரும்பும்போது அதே வரிசை தலைகீழாக. வழியில் பரோட்டா. வீட்டுக்கு வந்து, எந்தப் பிரசங்கம் ரொம்ப இழுவை என்று ஒரு விவாதம்.

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு நாங்கள் மூவரும் 'கிறிஸ்டியன்'. அவ்வளவுதான். உள்ளே இருப்பவனுக்குத்தான் தெரியும், எத்தனை சுவர் என்று. மொழியையே எடுத்துக்கொள்ளுங்களேன். அவனுக்குப் பூசை, எனக்கு ஆராதனை. அவனுக்குத் திருமுழுக்கு, எனக்கு ஞானஸ்நானம். அவனுக்குத் தூய ஆவி, எனக்குப் பரிசுத்த ஆவி. அவன் பாட்டி காலத்தில் கடவுளுக்குச் சர்வேசுரன் என்று பெயர். என் கொள்ளுத்தாத்தா காலத்துப் பைபிளில் பராபரன். பேதுருவை அவர்கள் இராயப்பர் என்றார்கள், பவுலைச் சின்னப்பர் என்றார்கள், யோவானை அருளப்பர் என்றார்கள். ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பதே எனக்குப் பெங்களூர் போய்த்தான் தெரியும்!

ஒருநாள் ஆபிஸில் ஒரு பிராமண நண்பரிடம், "எங்க ஐயர் போன வாரம் நல்லா பிரசங்கம் பண்ணினார்" என்று சொல்லிவிட்டேன். அவர் ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் பக்கம் சி.எஸ்.ஐ. குருவானவர் 'ஐயர்', அவர் மனைவி 'ஐயரம்மா' என்பதை விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிப்போனது.

பத்துக் கட்டளையில் கூடத் தகராறு. விபசாரம் செய்யாதே என்பது எங்களுக்கு ஏழாவது, அவனுக்கு ஆறாவது. பைபிளில் எங்களுக்கு 66 புத்தகம், அவனுக்கு 73. "நீங்க ஏழு புத்தகத்தத் தொலைச்சிட்டீங்கலே" என்பான். "நீங்க ஏழு கூட்டிட்டீங்க" என்பேன். நாகர்கோவில் இரண்டு பேரையும் பார்த்து, "மக்கா, ரெண்டு பேருமே முதல்ல தண்ணிக்குள்ள முங்கி எந்திரிங்க. தெளிச்சதெல்லாம் கணக்குல வராது" என்பான். கைக்குழந்தையில் வாங்கிய ஞானஸ்நானத்தை அவர்கள் சபை ஏற்பதில்லை. அதே ஆள்தான் என் விசா நேர்காணலுக்கு முந்தின ராத்திரி முழுக்க முழங்காலில் நின்றவன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் சேர்ந்து ஜெபம் பண்ணலாம் என்று ஒரு நாள் முடிவெடுத்தோம். எதை? அவனுடைய அருள்நிறை மரியே எங்களுக்கு ஆகாது. நாகர்கோவிலின் சத்தமான ஜெபம் பக்கத்து வீட்டுக்கு ஆகாது. கடைசியில் கர்த்தருடைய ஜெபம்தான் பொது என்று முடிவானது. நாகர்கோவில் மட்டும், "மனப்பாட ஜெபமா?" என்று முணுமுணுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அதிலும் சிக்கல். எனக்கு 'பிதா', அவனுக்குத் 'தந்தை'. வார்த்தைக்கு வார்த்தை மோதி, தீமையிலிருந்து காக்கும்படி கேட்கும் இடத்தில் அவன் ஆமென் சொல்லி நிறுத்திவிடுவான். நான் நிற்காமல் கடைசி வரிக்குப் போய்க்கொண்டிருப்பேன். தினமும் இதே கூத்து. அவன் நிறுத்துவான், நான் தனியாக ஓடுவேன், நாகர்கோவில் சத்தமாக ஆமென் போட்டு இரண்டு பேரையும் காப்பாற்றுவான்.

கீழே குடியிருந்த வீட்டுக்கார ஐயா ஒரு மலையாளி, மார்த்தோமா சபைக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார். எங்கள் சண்டையை ரசிப்பார். அவர்தான் முதன்முதலில் தேவனந்தன் பெயரையும் எம்.எம். தாமஸ் பெயரையும் எனக்குச் சொன்னவர். "நிங்கள் மூணு பேரும் சண்டை போடுற இந்த ஊரில்தான் அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து வேலை பார்த்தாங்க" என்றார். அப்போது காதில் வாங்கவில்லை. பின்னால் தேடிப் படித்தேன்.

பால் தேவனந்தன் 1901இல் சென்னையில் பிறந்த தமிழர். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் மாயை என்ற கருத்தைப் பற்றி ஆய்வு செய்தவர். பெங்களூர் மில்லர்ஸ் ரோட்டில் இருக்கிற ஐக்கிய இறையியல் கல்லூரியில் ரொம்ப வருஷம் சமயத் தத்துவமும் வரலாறும் நடத்தினார். அந்தக் கல்லூரியே, பல மிஷன்கள் தனித்தனியாகப் பள்ளிக்கூடம் நடத்தாமல் கூட்டாகச் சேர்ந்து 1910இல் தொடங்கியது. தேவனந்தன் தென்னிந்தியத் திருச்சபை. எம்.எம். தாமஸ் 1916இல் பிறந்த மலையாளி, மார்த்தோமா சபை. இளைஞராக இருந்தபோது குருத்துவத்துக்குக் கேட்டுப் போனார், கம்யூனிஸ்ட் வாடை அடிக்கிறது என்று சபை வேண்டாம் என்றது. கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனார், கிறிஸ்தவ வாடை அடிக்கிறது என்று கட்சியும் வேண்டாம் என்றது. இரண்டு பக்கமும் சேர்க்காத மனுஷன்!

1957இல் பெங்களூரில் சமயத்தையும் சமுதாயத்தையும் ஆராய்வதற்கென்று ஒரு கிறிஸ்தவ நிறுவனம் தொடங்கியபோது தேவனந்தன் அதன் இயக்குநர், தாமஸ் துணை. வேறு சபை, வேறு மொழி, வயதில் பதினைந்து வருஷ வித்தியாசம். ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே கேள்வி. சுதந்திரம் வாங்கிய நாட்டில், இந்துக்களோடும் இஸ்லாமியரோடும் சேர்ந்து நாட்டைக் கட்டுவதில் கிறிஸ்தவனுக்கு என்ன பங்கு? சபைக்குச் சபை சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது அவர்கள் கேட்டது இதை. சேர்ந்தே புத்தகங்கள் தொகுத்தார்கள். 1961இல் டெல்லியில் உலகத் திருச்சபைகள் மாமன்றம் கூடியபோது தேவனந்தன் அங்கே உரையாற்றினார். கத்தோலிக்கத் திருச்சபை முதன்முறையாக அதிகாரபூர்வப் பார்வையாளர்களை அனுப்பியதும் அந்தக் கூட்டத்துக்குத்தான். அடுத்த வருஷமே தேவனந்தன் காலமானார். அவர் விட்ட வேலையைத் தாமஸ் எடுத்து 1976 வரை நடத்தினார். சபை குருவாக்க மறுத்த அதே தாமஸ், 1968 முதல் 1975 வரை உலகத் திருச்சபைகள் மாமன்றத்தின் மத்தியக் குழுவுக்குத் தலைவர். பிறகு 1990இல் நாகாலாந்து ஆளுநர்.

ஒரே சபையில் இருப்பவர்கள் நண்பர்களாக இருப்பதில் பெரிய விசேஷம் இல்லை. ஒரு வேலையை இரண்டு பேரும் பெரிதாக நினைத்தால், சபை வித்தியாசம் வித்தியாசமாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட முடிகிறது. அவர்கள் கதையில் எனக்குப் பிடித்தது அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெங்களூரில் இருப்பவர்கள் ஒரு ஞாயிறு மாலை இப்படிச் சுற்றிப் பாருங்கள். எம்.ஜி. ரோட்டு மார்க்ஸ் கதீட்ரல், ஆங்கிலிக்கன்காரர்கள் கட்டியது. கப்பன் ரோட்டில் ஆண்ட்ரூஸ் கோயில், ஸ்காட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன்காரர்கள் 1866இல் திறந்தது. கார்ப்பரேஷன் பக்கத்தில் ஹட்சன் நினைவாலயம், வெஸ்லியன் மெதடிஸ்டுகள் 1904இல் கட்டியது. அவென்யூ ரோட்டில் ரைஸ் நினைவாலயம், லண்டன் மிஷன், அதாவது காங்கிரிகேஷனல். நாலு கோயில், நாலு சபை. ஒரு காலத்தில் இவர்கள் ஒருவர் குருவை இன்னொருவர் முழுக் குருவாக ஏற்றுக்கொள்ளத் தயங்கியவர்கள். இன்றைக்கு நாலும் சி.எஸ்.ஐ., ஒரே பேராயத்தின் கீழ்.

இது சும்மா நடக்கவில்லை. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள், இரண்டு பேர் தவிர எல்லோரும் இந்தியர்கள். வெள்ளைக்காரன் ஊர்ச் சண்டையை நாம் ஏன் இங்கே சுமக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேள்வியின் சாரம். கூட்டியவர்களில் முக்கியமானவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளைக்காரர். 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனவர். அதற்கு முன்பே 1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாட்டில் எழுந்து நின்று, நீங்கள் செய்த தியாகமெல்லாம் சரி, எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்ற பொருளில் பேசி எல்லோரையும் நெளிய வைத்தவர். வெள்ளைக்காரர்களைப் பார்த்துக் கேட்டது. ஆனால் அந்தக் கேள்வியை நாம் நம்மையே கேட்டுக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றும்.

தரங்கம்பாடியிலிருந்து சபை ஒன்றாவதற்கு 28 வருஷம். பேராயர் வைத்த சபையும் பேராயரே வேண்டாம் என்ற சபையும் எப்படிச் சேரும்? பேராயரிடம் அபிஷேகம் வாங்காத குருக்களை என்ன செய்வது? கடைசியில் வந்த வழி எளிமையானது. இனி வருகிறவர்களைப் பேராயர் அபிஷேகம் செய்வார். ஏற்கனவே இருக்கிறவர்களை, மறுபடி அபிஷேகம் கேட்காமல், அப்படியே ஏற்றுக்கொள்வது. 1947 செப்டம்பர் 27இல் சென்னை ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. யாழ்ப்பாணத்து அமெரிக்கன் மிஷன் சபைகளும் அதில் சேர்ந்தன. அதைப் பார்க்க அசரியா இல்லை, 1945 ஜனவரி முதல் தேதி இறந்துபோனார். இங்கே கனடாவிலும் 1925இல் மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பெரும்பாலான பிரஸ்பிட்டேரியன் சபைகள் ஒன்றாகின. ஆனால் ஆங்கிலிக்கன்காரர்களையும் சேர்த்து ஒன்றானது நம்ம ஊரில்தான்.

'அப்படியே ஏற்றுக்கொள்வது.' இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

2004இல் தூத்துக்குடிக்கு ஒரு மகன் பிறந்தான். பெங்களூரில்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்தே, "எலே, நீதான் ஞானத்தகப்பன்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பி தங்கை இல்லாதவன் நான். சட்டை எல்லாம் தைக்கக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து முகம் வாடி வந்தான். அவன் பங்கில் கேட்டிருக்கிறான். கத்தோலிக்கன் அல்லாத ஒருவர் ஞானத்தகப்பனாக முடியாது, கத்தோலிக்க ஞானப்பெற்றோர் ஒருவர் நிற்க, பக்கத்தில் 'சாட்சி'யாக வேண்டுமானால் நிற்கலாம் என்று பதில். அவன் அண்ணன் ஞானத்தகப்பன், நான் சாட்சி என்று ஏற்பாடு செய்துவிட்டு என்னிடம் சொல்ல வந்திருக்கிறான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரிஜிஸ்தர் ஆபிஸ் கல்யாணத்துக்குத்தான் சாட்சி வேணும். நான் கிறிஸ்தவனா இல்லையான்னு முதல்ல உங்க சாமியார்ட்ட கேட்டுட்டு வா." அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "சிலைக்கு முன்னால நிக்க எனக்கும் இஷ்டமில்ல" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். திருமுழுக்கு நாளில் எனக்கு 'ஆபிஸில் அவசர வேலை'. அன்றைக்குச் சாயங்காலம் அவன் அம்மா, நான் போகாதது தெரிந்தும், ஒரு டப்பா மக்ரூன் கொடுத்தனுப்பியிருந்தார்கள். தூத்துக்குடி மக்ரூன். அதை நான் சாப்பிடவில்லை. ஆபிஸில் வைத்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன்.

2006இல் கனடா வந்துவிட்டேன். விமானம் ஏறுவதற்கு முன் அவனுக்குச் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு எஸ்.எம்.எஸ்., ஈஸ்டருக்கு ஒரு எஸ்.எம்.எஸ். அப்புறம் அதுவும் நின்றது.

எனக்குச் சாதகமாக ஒன்றும் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் என் பாட்டியை நினைத்துக்கொள்வேன். ஆர்.சி. வீட்டில் பெண் எடுப்பதா என்று என் சித்தப்பா கல்யாணத்தையே நிறுத்தியவர். அவர் சொன்ன காரணம் வேதம். உண்மையான காரணம் வேறு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நம்ம பக்கம் சபை எது என்று கேட்டால் பாதி நேரம் சாதி எது என்றுதான் கேட்கிறோம். சிலை, மாதா, முழுக்கு என்பதெல்லாம் அதற்குப் போட்டுக்கொள்கிற மேல்சட்டை. அந்தப் பாட்டியின் குரல் என் வாயிலும் வந்தது என்பதுதான் உண்மை.

இங்கே வந்து சில வருஷம் கழித்து, ஒரு பழக்கமான குருவானவரிடம் இந்தக் கதையைச் சொல்லிக் கத்தோலிக்கர்களைத் திட்டினேன். அவரும் எங்கள் சபைதான். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு விஷயம் சொன்னார். அந்த விதி 1983இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் இருக்கிறது. சாட்சியாக நிற்கலாம் என்று அது சொல்வது யாரை? ஞானஸ்நானம் பெற்ற மற்றச் சபைக்காரரை. அதாவது உன் ஞானஸ்நானம் ஞானஸ்நானம்தான் என்று ஒப்புக்கொண்டுதான் அந்த இடத்தையே கொடுக்கிறார்கள். "நீ கிறிஸ்தவனான்னு கேட்டியே, அதுக்குப் பதில் அந்த விதியிலேயே இருந்துச்சு தம்பி. நீதான் கேக்கல" என்றார்.

இடம் சின்னதுதான். ஆனால் இடம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றி ஒரு விதித்தொகுப்பு வெளியிடுவதற்கு முன், கத்தோலிக்கர் எங்கள் ஆராதனையில் சேர்ந்து ஜெபிப்பதே தடை. என் நண்பனின் தாத்தா காலத்தில் எனக்கு அந்தச் சாட்சி இடம்கூடக் கேட்கக் கூடியதல்ல. 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து தமிழில் திருவிவிலியத்தைப் பொது மொழிபெயர்ப்பாகக் கொண்டுவந்தபோது அதில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகக் 'கடவுள்' என்ற சொல் வந்தது. இதெல்லாம் தெரிந்த பிறகும் போன் செய்யவில்லை. வறட்டு கௌரவம்.

2019 பிப்ரவரியில் ஒரு ராத்திரி போன். துபாயிலிருந்து நாகர்கோவில். "மக்கா, அவன் அம்மா போயிட்டாங்க. நீ போகணும்." நான் இழுத்தேன். லீவு, டிக்கெட் விலை, இத்தனை வருஷம்... அவன் என்றைக்கும் இல்லாமல் சத்தம் போடாமல் பேசினான். "நான் இவ்வளவு வருஷமா அவன் முங்கல, நீ முங்கலன்னு ஜெபம் பண்ணிட்டு இருக்கேன். உங்க ரெண்டு பேரையும் நான் விடல. நீ எப்படில விட்ட?"

போனேன். வேறு நாடுகளிலிருந்து வரவேண்டிய பிள்ளைகளுக்காக அடக்கத்தை ஒரு நாள் தள்ளியிருந்தார்கள், அதனால் எனக்கும் கிடைத்தது. வாசலில் என்னைப் பார்த்ததும் அவன் ஒன்றும் கேட்கவில்லை. "சாப்பிட்டியால?" என்றான். அவன் அம்மா கேட்கிற கேள்வி அது. "எய்யா, தின்னியாய்யா?" என்பார்கள். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

அடக்கத் திருப்பலியில் நன்மை வாங்க எல்லோரும் எழுந்து வரிசையில் போனார்கள். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். வரிசை என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. 2001 ஈஸ்டருக்கு அவனை மார்க்ஸ் கதீட்ரலுக்குக் கூட்டிப்போயிருந்தேன். திருவிருந்துக்கு நான் எழுந்து போனேன். எங்கள் பக்கம் தடுக்க மாட்டார்கள், ஆனால் அவன் சபை அவனை விடாது. திரும்பி வந்தபோது அவன் இதே மாதிரித் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் ஒரு நிமிஷம் யோசித்ததில்லை. இந்த வலி எனக்கு மட்டும் என்று நினைத்து நான் பதினைந்து வருஷம் கோபத்தில் இருந்திருக்கிறேன்.

ராத்திரி, கூட்டம் எல்லாம் போன பிறகு, பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. அவன், அவன் மனைவி, அண்ணன் குடும்பம், 14 வயசுப் பையன், நான். "வாலே, பழைய மாதிரி" என்றான். எல்லோரும் கர்த்தருடைய ஜெபம் சொன்னோம். 'பிதா'வும் 'தந்தை'யும் வழக்கம்போல மோதின. தீமையிலிருந்து காக்கச் சொல்லும் இடம் வந்ததும் நான் ஆமென் சொல்லி நிறுத்திவிட்டேன். அவன் வீடு, அவன் வழக்கம், அவன் அம்மாவை அடக்கம் செய்த நாள். இன்றைக்காவது நிற்போம் என்று.

அவனோ நிற்கவில்லை. எனக்காகக் கடைசி வரிக்குப் போய்க்கொண்டிருந்தான். தனியாக.

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தோம். பையன்தான் முதலில் சிரித்தான். அப்புறம் நானும் அவனும். சாவு வீட்டில் இப்படிச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை, ஆனால் அந்த அம்மா இருந்திருந்தால் எங்களைவிடச் சத்தமாகச் சிரித்திருப்பார்கள். "நீ நிப்பாட்டுவன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றான். "நீ ஓடுவன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். பிறகு அவன்தான் சொன்னான், அந்தக் கடைசி வரி அவர்கள் திருப்பலியிலும் உண்டாம். குருவானவர் நடுவில் ஒரு சின்ன மன்றாட்டுச் சொன்ன பிறகு, மக்கள் எல்லோரும் சேர்ந்து சொல்வார்களாம். அவர்கள் அதை விட்டுவிடவில்லை. கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஐந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது.

நான் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். "விடுலே" என்றான். முழுசாக விட்டுவிட்டான் என்று சொல்ல மாட்டேன். அவன் மனைவிக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது. நியாயம்தானே. அந்தத் திருமுழுக்குப் போட்டோவில் அண்ணனுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது. அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது. எதையெல்லாம் திரும்ப எடுத்துப் பார்க்க முடியுமோ அதையெல்லாம் பார்க்கலாம், அந்த நாளை மட்டும் திரும்ப நடத்த முடியாது.

அந்தப் பையன்தான் இப்போது என் காரில் வருகிறான். இங்கே வருவதற்கு முன் அவன் அப்பா போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "ஞாயித்துக்கிழம பூசைக்கு மட்டும் அனுப்பிருலே. குளிர்னு படுத்துக்கிடப்பான்." நான் அவனை என்னோடு எங்கள் ஆராதனைக்குக் கூட்டிப்போகலாம். அவன் மறுக்கவும் மாட்டான், பெரியப்பா சொன்னால் வந்துவிடுவான். அதனால்தான் கூட்டிப்போகக் கூடாது என்று நினைக்கிறேன். சாட்சியின் வேலை என்னவென்று எனக்கு இப்போதுதான் கொஞ்சம் புரிகிறது. பிள்ளையை அவன் வழியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, பத்திரமாகத் திரும்பக் கூட்டி வருவது.

போன வாரம் என் ஆராதனை சீக்கிரம் முடிந்தது. அவன் கோயில் வாசலில் காரை நிறுத்திவிட்டு, குளிர் தாங்காமல் உள்ளே போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். சரியாகக் கர்த்தருடைய ஜெபம் நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் நிறுத்தினார்கள். நானும் நிறுத்தினேன். சாமியார் என்னவோ மன்றாடினார். பொறுத்திருந்தேன். கடைசி வரி வந்தது. எல்லோரோடும் சேர்ந்து சொன்னேன்.

வெளியே வந்ததும் பையன் கேட்டான், "பெரியப்பா, பரோட்டா எங்க கிடைக்கும்?"

உங்கள் வீட்டிலும் இப்படி இரண்டு கோயிலுக்கு ஒரு கார் ஓடுகிறதா? எப்படிச் சமாளிக்கிறீர்கள்? நேரம் இருந்தால் சொல்லுங்கள். பரோட்டாக் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள்.